ஆணியில் தொங்கும் திறப்புக் கோர்வை

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் கதிரைக்கு நேரெதிரே, ஐஸ் கொம்பனி வாசல் நிலையில் அடித்த ஓர் ஆணியில், திறப்புக் கோர்வை ஒன்று தொங்குகிறது. கேற்றுத் திறப்பு, மெஷின் அறைத் திறப்பு, டீசல் அறைத் திறப்பு, அவற்றோடு எந்தப் பூட்டுக்கென்று எனக்கே மறந்துபோன, ஆனாலும் கழற்றி எறியத் துணிவு வராத இரண்டு துருப்பிடித்த திறப்புகள். யாரும் எடுக்கலாம், யாரும் திரும்பக் கொழுவலாம். கொம்பிறசர் ஓடும்போது சுவர் அதிர, அதுவும் மெல்ல ஆடிக் கிலுங்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் என் வலது கை தானாக இடுப்புக்குப் போகிறது. அங்கே ஒன்றும் இல்லை. பதின்மூன்று வருசம் அந்தக் கோர்வை அங்கேதான் கிடந்தது. வேலையில் காற்சட்டைப் பட்டியில், வீட்டில் சாரத்து மடிப்பில், கிணற்றடியில் குளிக்கும்போது கழுத்தில், படுக்கும்போது தலையணைக்குக் கீழே. ஊரில் ஒரு கலியாண வீட்டில், தாலி கட்டுகிற நேரம் அட்சதை எடுக்கக் குனிந்தேன். எழுந்த சத்தத்தில் மேளக்காரரே திரும்பிப் பார்த்தார். "உங்களைக் கட்டினதிலை ஒரே ஒரு வசதி," என்று என் மனிசி அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கச் சொன்னாள், "மாட்டுக்கு மணி கட்டின மாதிரி. எங்கை நிக்கிறியள் எண்டு தேடத் தேவையில்லை."

இந்தக் கோர்வையைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டால் என் சகலனைப் பற்றிச் சொல்லாமல் ஏலாது. மனிசியின் தங்கையைக் கட்டியவர். எனக்கும் அவருக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் நான் மூத்தவளைக் கட்டிய உரிமையில் அவர் என்னை 'அண்ணை' என்றும் 'நீங்கள்' என்றும் சொல்வார். நான் அவரை 'நீர்' என்பேன். எங்கள் இருவருக்கும் இடையில் எனக்குக் கிடைத்த ஒரேயொரு மேல்நிலை அந்த ஒரு சொல்தான். மற்ற எல்லாவற்றிலும் அவர்தான் மேலே. அதிலும் சம்பளத்தில்.

சண்டை ஓய்ந்த கையோடு, ஊர்காவற்றுறைக் கரையில் ஐஸ் கொம்பனி திறந்தபோது, நாங்கள் இருவரும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே சைக்கிளில் போய் வேலைக்குச் சேர்ந்தோம். நான் முன்னுக்கு மிதிக்க அவர் பின்னுக்கு இருந்தார். இதையும் ஒரு சகுனமாக நான் அன்றே எடுத்திருக்க வேண்டும். முதலாளி எனக்குத் தாய்வழியில் தூரத்து மாமா. அவருடைய குடும்பம் தீவிலிருந்து போய்த் தெற்கே ஒரு பட்டினத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பம். கலவரத்தில் கடை போய்விட்டது. கடை நடத்திய முறை மட்டும் மாமாவுடன் கப்பலேறி ஊருக்கு வந்துவிட்டது. அந்த முறையில் வேலைக்கு வருகிறவன் சம்பளம் என்ன என்று கேட்கக்கூடாது. கேட்டால் முதலாளியை நம்பவில்லை என்று பொருள். கேட்காமல் இருந்தால் முதலாளி பார்த்துச் செய்வார்.

பார்த்துச் செய்வதற்கும் ஒரு நாள் இருந்தது. சித்திரை வருசப் பிறப்பன்று, நல்ல நேரத்தில், மாமா வேலையாட்களை வரிசையில் நிறுத்திக் கைவிசேடம் கொடுப்பார். எல்லா வீட்டிலும் கொடுக்கிற கைவிசேடம்தான், ஆனால் மாமாவுடைய வெற்றிலை மடிப்புக்குள் எவ்வளவு இருக்கிறதோ, அதுதான் அந்த வருசம் முழுக்க எங்கள் மாதச் சம்பளத்தில் ஏறுகிற தொகை. அவர் முன்னால் பிரித்துப் பார்ப்பது மரியாதையில்லை. காலில் விழுந்து, வாங்கி, கண்ணில் ஒற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஐஸ் உறைகிற தொட்டிக்குப் பின்னால் போய்த்தான் பிரிக்க வேண்டும். முதல் வருசம் நானும் சகலனும் அங்கே குளிரில் நின்று பிரித்தோம். நான் உள்ளதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். அவர் வெற்றிலையை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மென்றார்.

"அண்ணை, இது சம்பளமில்லை. இது ஆசீர்வாதம். சம்பளம் எண்டால் பத்தாதெண்டு வாய்திறந்து சொல்லலாம். ஆசீர்வாதம் பத்தாதெண்டு ஆரிட்டைச் சொல்லுறது?"

அடுத்த ஆடிப்பிறப்புக் கூழ் குடிக்க முன்னமே அவர் போய்விட்டார். வேலணைப் பக்கம் ஒரு நண்டுக் கொம்பனிக்கு. அவர் போன அன்றைக்குத்தான் மாமா என்னைக் கூப்பிட்டு இந்தத் திறப்புக் கோர்வையை என் கையில் வைத்தார். "போறவன் போகட்டும். நீ வீட்டுப் பிள்ளை. இனி இது உன்ரை பொறுப்பு, தம்பி." எனக்குக் கண் கலங்கியது. சம்பளம் கூடியிருந்தால் இவ்வளவு கலங்கியிருக்காது என்பது உண்மை. வீட்டுக்குப் போய் மனிசியிடம் கோர்வையைத் தூக்கிக் காட்டினேன். அவள் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்துவிட்டு, "இதைச் சமைக்கலாமோ?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு சகலன் ஒரு இடத்தில் இரண்டு வருசத்துக்கு மேல் நின்றதில்லை. நண்டுக் கொம்பனியிலிருந்து யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டலின் குளிர் அறைகளுக்கு, அங்கிருந்து பால் குளிராக்குகிற ஒரு நிலையத்துக்கு, அங்கிருந்து மீன் ஏற்றுமதி செய்கிற கொம்பனிக்கு. எல்லா இடத்திலும் அதே வேலைதான். காஸ் ஒழுகினால் அடைக்கிறது, மோட்டர் முனகினால் காது வைத்துக் கேட்கிறது, பட்டி தேய்ந்தால் மாற்றுகிறது. நான் இங்கே செய்ததும் அதைத்தான். ஆனால் ஒவ்வொரு தரமும் வாசல் மாறும்போது அவருக்குச் சம்பளம் ஒரு படி ஏறியது. அந்தச் செய்தி எனக்கு வருவதற்கு அரை நாள் போதும். அக்காவும் தங்கையும் ஒரு கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற வீடுகள் எங்களுடையவை. புளியங்கூடலில் எங்கள் வளவில் சுவர் உண்டு, ரகசியம் இல்லை.

மாமியார் வீட்டில் தைப்பொங்கலுக்குப் போனால் இந்த ஏற்றம் கண்ணுக்கே தெரியும். முன்பெல்லாம் கைவைத்த கதிரை மூத்த மருமகனான எனக்கு. நண்டுக் கொம்பனிக் காலத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே மாதிரிப் பிளாஸ்டிக் கதிரை வந்தது. ஹோட்டல் காலத்தில் கைவைத்த கதிரை அவருக்குப் போய்விட்டது. மீன் கொம்பனிக் காலத்தில் மாமியார் என்னைப் பார்த்து, "தம்பி, நீங்கள் எங்கட ஆள்தானே, அந்த வாங்கிலை இருங்கோவன்," என்றார். 'எங்கட ஆள்' என்ற சொல்லின் விலை என்ன என்று அன்றைக்கு எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மாமாவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கையில்லாத அந்த நீள வாங்கில் இருந்தபடி நான் ஒரு பகிடி விட்டேன், எல்லோரும் சிரித்தார்கள். நான் எப்போதும் இப்படித்தான். வயிற்றுக்குள் கொதிக்கும்போது வாயால் பகிடிதான் வரும். கொதிக்கிற பானையின் மூடி சத்தம் போடுகிற மாதிரி.

எரிச்சல் எங்கே என்றால், நான் சும்மா இருந்தவன் இல்லை. நாடு முழுக்க டீசல் கிடைக்காத அந்த வருசம், கான்களைக் கட்டிக்கொண்டு வரிசையில் படுத்துக் கிடந்தவன் நான். என்னுடைய வீட்டு அடுப்புக்குக் காஸ் இல்லாமல் மனிசி பனம்மட்டை எரித்துக்கொண்டிருக்க, மாமாவின் மெஷினுக்கு டீசல் தேடி அலைந்தவன் நான். அந்தச் சித்திரைக்கு மாமா வெற்றிலையைத் தந்துவிட்டு, "இந்த வருசம் எல்லாருக்கும் கஷ்டம், பொறு தம்பி," என்றார். பொறுத்தேன். அடுத்த சித்திரைக்கு, "போன வருசம் பட்ட கஷ்டம் தெரியும்தானே," என்றார். தெரியும். நான்தானே பட்டேன். அதற்குள் மாவு, சீனி, பஸ் காசு எல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஏறிப் போய்விட்டன. என் சம்பளம் மட்டும், ஐஸ் கொம்பனியில் இருப்பதால் உறைந்துபோய்விட்டது என்று நானே எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

சிரிப்பு நின்றது மகளுக்குப் பல்கலைக்கழகம், எங்கள் பேச்சில் கம்பஸ், கிடைத்த அன்றைக்கு. தெற்கே, இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரத்தில். சந்தோசமாகத்தான் இருந்தது, மனிசி குசினிக்குள் இருந்து ஒரு கேள்வி கேட்கும் வரைக்கும். "இஞ்சருங்கோ, உங்கட சம்பளத்திலை பிள்ளையை அங்கை வைச்சுப் படிப்பிக்க ஏலுமோ, ஏலாதோ? ஏலாதெண்டால் இப்பவே அவளிட்டைச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்." நான் பகிடி ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை. திறப்புக் கோர்வை மட்டும் இடுப்பில் கிலுங்கியது.

அன்று பின்னேரமே சகலனிடம் போனேன். அவர் வேலை செய்த மீன் கொம்பனியில் இன்னொரு ஆள் தேவை என்றார். நேர்முகத்துக்கு என்னைப் பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போகும்போது பஸ்ஸில் வைத்துப் பாடம் நடத்தினார். "எவ்வளவு எதிர்பாக்கிறியள் எண்டு கேப்பாங்கள். தொகையைச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு வாயை மூடுங்கோ. அவ்வளவுதான் வேலை. வாயை மூடுறதுதான் முக்கியம், அண்ணை." அல்லைப்பிட்டி வர ஒருமுறை, மண்டைதீவுச் சந்தி வர ஒருமுறை தொகையைச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். எனக்கு அந்தத் தொகையை உச்சரிக்கும்போது கெட்ட வார்த்தை பேசுகிற மாதிரி நாக்குக் கூசியது. உள்ளே இருந்த மனேஜர் என் மகளை விட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். மரியாதையாகக் கேட்டார், "எவ்வளவு எதிர்பாக்கிறீங்க?"

நான் வாயைத் திறந்தேன். "நீங்கள் பாத்துத் தாங்கோ," என்று வந்தது.

அதோடு விட்டேனா? வாயை மூட மறந்துபோய், இப்போது எவ்வளவு எடுக்கிறேன் என்ற உண்மையையும் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டு, "மாசத்துக்கா?" என்று கேட்டது. வெளியே வந்து இதைச் சொன்னபோது சகலன் மதிலில் நெற்றியை முட்டிக்கொண்டார். இவ்வளவு கெடுத்தும் அவர்கள் தருவதாகச் சொன்ன தொகை, நான் எடுத்ததைப் போல ஒன்றரை மடங்கு. முதலாம் திகதி வேலைக்கு வரச் சொன்னார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு காரியம். மாமாவிடம் சொல்வது.

அந்தக் காரியத்துக்குத்தான் எனக்கு நித்திரை போனது. கம்பஸ் போகிற பிள்ளைக்குத் தகப்பன், தலையில் பாதி நரை, ஒரு மனிசனிடம் 'நான் போறன்' என்ற இரண்டு சொல்லைச் சொல்லப் பயந்து வயிற்றாலடியாக இருந்தேன். மனிசி மல்லித் தண்ணீர் அவித்துத் தந்தாள். கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மனுக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டுச் சொன்னால் வாய் வரும். ஊர்க் கோயிலில் செய்தால் கதை பரவிவிடும். ஆகவே குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போவோம்; கடல் தாண்டினால் எவருக்குத் தெரியப் போகிறது? பயந்த மனிசனின் மூளை வேலை செய்கிற அழகைப் பாருங்கள். முதல்நாள் மத்தியானம் லொறியில் ஐஸ் பாளங்கள் ஏற்றிவிட்டது நானேதான். எங்கே போகிறது என்று பையன் கேட்க, "நயினாதீவுக்கு, மோருக்குப் போட," என்று பதில் சொன்னதும் நான்தான். நான் போகத் தெரிந்தெடுத்த அந்த வெள்ளிக்கிழமை, வருசா வருசம் அங்கே மடத்தில் அன்னதானமும் மோரும் மாமாவின் உபயம். பதின்மூன்று வருசம் அந்த ஐஸை ஏற்றியவன், அடுத்த நாள் காலையில் அதே இடத்துக்கு ஒளித்துப் போனேன்.

கோயிலில் சனம் நெரிந்தது. மேளம் காதைக் கிழித்தது. ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம் கேட்டார், சொன்னேன். "என்ன பிரார்த்தனை?" என்றார். அவருடைய காதோடு காதாகச் சொன்னேன். மேளத்தில் கேட்கவில்லை என்று கையைக் காட்டினார். கொஞ்சம் பலத்துச் சொன்னேன். மேளத்தை மீறி அவரும் பலத்துக் கேட்டார், "புது வேலையோ? இப்ப செய்யிற வேலையை விடப் போறீரோ?" அந்த நேரம் பார்த்து மேளம் நின்றது. என் இடது தோளுக்குப் பக்கத்தில், பட்டு வேட்டியும் சந்தனமுமாக, கையில் பூத்தட்டோடு மாமா நின்றுகொண்டிருந்தார்.

"ஆருக்கடா தம்பி புது வேலை?"

"மகளுக்கு," என்றேன்.

அம்மனுக்கு முன்னால். விபூதி பூசிய நெற்றியோடு. மகள் இன்னும் கம்பஸில் முதல் நாள் வகுப்புக்கே போகவில்லை. ஆனால் மாமா அதையெல்லாம் யோசிக்கவில்லை. அவருடைய முகம் மலர்ந்துபோனது. "பிள்ளை படிக்கேக்கையே வேலையும் தேடுதோ, நல்ல பிள்ளை, உன்னை மாதிரிப் பொறுப்பு," என்று சொல்லி மடத்துக்குக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் இருத்திச் சோறு போட்டார். நான் ஏற்றிவிட்ட ஐஸ் போட்ட மோரை எனக்கே ஊற்றினார். திரும்பி வரும் வள்ளத்தில், கடல் காற்றில், தன் மடியிலிருந்து ஒரு திறப்பை எடுத்து என் கோர்வையில் தானே கொழுவினார். அவருடைய வீட்டு முன்வாசல் திறப்பு. "எனக்கும் வயது போகுது. ஒண்டு எண்டால் நீதானே ஓடிவருவாய்." முதலாம் திகதி வந்தது. நான் ஐஸ் கொம்பனியில்தான் நின்றேன். மீன் கொம்பனிக்கு வேறு ஆள் எடுத்தார்கள்.

சகலன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறியிருக்கும். கிணற்றடியில் என் இடுப்பைச் சுட்டி, "என்ன, குடும்பம் பெருகியிருக்கு," என்று மட்டும் சொன்னார். மகளின் செலவுக்கு மனிசி பின்வளவில் பனையிலிருந்து தேங்காய் வரை விற்கிற எல்லாவற்றையும் விற்றாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுப் பிறிட்ஜுகள் திருத்தப் போனேன். அடுத்த சித்திரை வந்தது. வரிசையில் நின்று, காலில் விழுந்து, வெற்றிலையை வாங்கித் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன். போன வருசத்துத் தொகையேதான். நோட்டு மட்டும் புதிது.

அதே வாரம் கொம்பனிக்கு இரண்டாவது மெஷின் வந்தது. அதோடு ஒரு ஆளும் வந்தார். காலையில் கேற்றைத் திறக்கிறேன், வெளியே ஸ்பனர், குறடு போட்ட ஆயுதப் பையோடு சகலன் நிற்கிறார். மாமா எனக்கே அவரை அறிமுகம் செய்தார். "வெளியிலை நாலு பெரிய இடம் பாத்த ஆள். கஷ்டப்பட்டுத்தான் கேட்டு எடுத்தனான்." நாங்கள் இருவரும் ஒரே சைக்கிளில் வந்து சேர்ந்த அதே கேற்றடியில் நின்று இதைச் சொன்னார். பின்னேரம் கிணற்றடி வழியாகச் சம்பளச் செய்தி வந்தது. மனிசி தொகையைச் சொல்லவில்லை. என் கோப்பையில் சோற்றைப் போட்டுவிட்டு, "உங்களைப் போல ரெண்டு பேர்," என்றாள். அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. கறி நண்டு என்பதையும் மீறி.

ஒரே வேலை. ஒரே ஸ்பனர். அவர் ஒழுகலை அடைத்தால் ஒழுகாது, நான் அடைத்தாலும் ஒழுகாது. இந்த மெஷினின் முனகலில் எது வயிற்றுவலி, எது நடிப்பு என்பது அவரை விட எனக்குத்தான் தெரியும். அவருக்கு என்னிடம் இல்லாதது என்ன? அவர் இங்கே இல்லாமல் இருந்தார், அதுதான். நின்றவனுக்கு வெற்றிலை, போய்வந்தவனுக்குச் சம்பளம். இதை யோசித்து யோசித்து விடியக்காலையில் சகலனைத் தொட்டியடியில் பிடித்தேன்.

"நீர் எனக்குச் செய்தது நல்லாயில்லை," என்றேன்.

அவர் நெட்டு ஒன்றை இறுக்கிக்கொண்டே சொன்னார். "அண்ணை, நான் அங்கை இருந்தா உங்களுக்கு எங்கை இடம்? நான் இஞ்சை வந்திட்டன். அங்கை என்ரை கதிரை சும்மா கிடக்கு. போய் இருங்கோ."

இது முன்கூட்டிப் போட்ட திட்டமோ, என் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்த சமாளிப்போ, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் இரண்டுக்கும் 'ஓம்' என்பார். ஆனால் அந்த நிமிசம் எனக்குப் பயத்தை விட எரிச்சல் பெரிதாக இருந்தது. என் வாழ்க்கையில் அது நடந்தது அந்த ஒரு தடவைதான். நேரே மாமாவின் மேசைக்குப் போய், கோர்வையை இடுப்பிலிருந்து கழற்றி அவர் முன்னால் வைத்தேன். வைத்த வேகத்தில் அது மேசையில் தானாகவே கிலுங்கியது.

"நான் போறன், மாமா."

அவர் கோர்வையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன்?"

"அவருக்கு அவ்வளவு. எனக்கு இவ்வளவு."

மாமாவின் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். உண்மையான ஆச்சரியம் இருந்தது. "அவன் கேட்டவன், தம்பி. நீ ஒருநாளும் கேக்கேல்லையே." கோர்வையை என் பக்கம் தள்ளிவிட்டு, "சரி, அவனுக்குக் குடுக்கிறதை உனக்கும் தாறன். இரு," என்றார். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்கிற குரலில். பதின்மூன்று சித்திரை காலில் விழுந்தும் ஏறாதது, ஒரு கோர்வையைக் கழற்றி வைத்ததும் தேத்தண்ணி ஆறுவதற்குள் ஏறிவிட்டது. இவ்வளவு நாளும் அந்தக் காசு அங்கேதான் இருந்திருக்கிறது என்ற எண்ணம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மாமா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அந்தச் சிரிப்போடேயே இறங்கி வந்துவிட்டேன். நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

மீன் கொம்பனியில் அதே இளம் மனேஜர். "எவ்வளவு எதிர்பாக்கிறீங்க?" நான் தொகையைச் சொன்னேன். சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, மேசையில் இருந்த பூச்சாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பிளாஸ்டிக் பூ. அதன் இதழ் ஒவ்வொன்றும் இன்றைக்கும் எனக்கு ஞாபகம். "சரி," என்றது அந்தப் பிள்ளை. ஆக, நானும் சகலனும் கதிரை மாறி இருந்துகொண்டோம். அவருடைய வேலையை நான் செய்தேன், என்னுடைய வேலையை அவர் செய்தார், இரண்டு பேருக்கும் சம்பளம் ஏறியது. எங்கள் கை ஒரு நூல்கூடத் திறமை கூடவில்லை. மகளுக்கு மட்டும் மாதம் தவறாமல் காசு போனது. அந்தத் தைப்பொங்கலுக்கு மாமியார் எங்கிருந்தோ இரண்டாவது கைவைத்த கதிரை ஒன்றை எடுத்துப் போட்டார்.

ஒருநாள் பஸ்ஸை விட்டிறங்கி ஐஸ் கொம்பனிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். என் நெஞ்சுக்குள் இருந்த ஆசையை ஒளிக்காமல் சொல்கிறேன்: நான் இல்லாமல் அங்கே ஏதாவது குழம்பிப் போயிருக்க வேண்டும் என்று விரும்பினேன். பூட்டு உடைந்திருக்கலாம், டீசல் களவு போயிருக்கலாம், குறைந்தபட்சம் ஒரு பாளமாவது சரியாக உறையாமல் இருக்கலாம். ஒன்றும் ஆகவில்லை. சகலன் வேலைக்கு வந்த முதல் கிழமையே வாசல் நிலையில் ஒரு ஆணியை அடித்துக் கோர்வையைக் கொழுவிவிட்டாராம். மாமாவின் வீட்டுத் திறப்பை மட்டும் கழற்றி அவரிடமே குடுத்துவிட்டாராம். நான் தலையணைக்குக் கீழே வைத்துக் காவல் காத்த கோர்வை, மீன்காரர் வந்துபோகிற வழியில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆசையாகத் தூக்கி நிறை பார்த்தேன்.

"அண்ணை, வையுங்கோ," என்றார் சகலன், திரும்பிப் பார்க்காமலே. "அதைத் தூக்கினவனுக்குச் சம்பளம் ஏறினதா சரித்திரமில்லை."

அவரும் அங்கே நெடுநாள் நிற்கவில்லை. இப்போது கனடாவில், ஒரு பெரிய குளிர்க்களஞ்சியத்தில். அங்கேயும் இது அவருக்கு இரண்டாவது கொம்பனியாம். அவர் வெளிக்கிட்ட கிழமை மாமா எனக்குப் போன் எடுத்தார். இருமினார், மகளை விசாரித்தார், மழையை விசாரித்தார், பிறகு அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டிராத அந்தக் கேள்வியைக் கேட்டார். "உனக்கு எவ்வளவு வேணும், தம்பி?" பழைய பழக்கத்தில் வாய் 'நீங்கள் பாத்து' வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். மீன் கொம்பனி தருவதற்கு மேல் ஒரு தொகையைச் சொன்னேன். வாயை மூடினேன். மற்றப் பக்கத்தில் கொம்பிறசர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு முனகல் இருந்தது. பட்டி தேய்ந்துவிட்டது என்று எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. அதைக்கூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நின்றேன். "சரி, வா," என்றார்.

இப்படித்தான் திரும்பி வந்தேன். வந்த முதல் நாள், விடியக்காலையில் ஐஸ் எடுக்க வந்த மீன்காரருக்கு மாமா என்னை அறிமுகம் செய்தார். "யாழ்ப்பாணத்திலை பெரிய கொம்பனியிலை இருந்து எடுத்தனான்." அவர்களில் பாதிப் பேருடைய பெட்டிகளை நான் பதின்மூன்று வருசம் நிரப்பியிருக்கிறேன். ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாங்கோ சேர், வணக்கம்," என்று சொல்லிவிட்டு அப்பால் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அது இன்னும் செரிக்கவில்லை. அதே கதிரை, அதே மெஷின், அதே நான். ஒன்றரை வருசம் வேறொரு வாசலால் போய்வந்ததைத் தவிர என்னில் எதுவும் மாறவில்லை. அப்படியானால் அந்தப் பதின்மூன்று வருசத்துக்கு நான் யாரிடம் போய்க் கேட்பது? கேட்க ஆளில்லாததால்தான் இதை எழுதுகிறேன்.

போன கிழமை வேலை முடிந்து வெளிக்கிடும்போது மாமா மெதுவாக நடந்து வந்து, ஆணியிலிருந்து கோர்வையைக் கழற்றினார். வயது போய்விட்டது, எட்டிக் கழற்றியதில் அது கிலுங்கியது. "தம்பி, இது இஞ்சை இப்பிடிக் கிடக்க எனக்கு மனம் ஒப்புதில்லை. நீ எங்கட ஆள். நீயே வீட்டை கொண்டுபோய் வைச்சிருவன்." நீட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், என் கை பாதி தூரம் போய்விட்டது. இடுப்பு கூடக் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. மாமாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"கொண்டுபோய் வைச்சிருக்கலாம், மாமா," என்றேன். "மாசம் எவ்வளவு தருவியள்?"

மாமா கோபிக்கவில்லை. பெருமூச்சு ஒன்று விட்டுவிட்டு, தானே திரும்பிப் போய், எட்டி, அதை ஆணியில் கொழுவினார். அது அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கிறது. என் கை இடுப்பில் இருக்கிறது.